தகரச் சட்டத்து இருட்டறை

மெர்ல் வாயைத் திறந்தால் ஏரிப் பனி உருகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். இத்தனை வருடம் அவனோடு குடித்தனம் நடத்திய ஆர்டிஸ் அதை மறுத்ததில்லை. ஆனால் ஊர் அறியாத ஒன்றை அவள் அறிவாள். உறைந்த ஏரிமேல், ஜன்னல் இல்லாத இருட்டறைக்குள் உட்கார்ந்து, பனிக்கட்டியில் வெட்டிய குழிக்குள் மீன் வருகிறதா என்று குனிந்து பார்க்கத் தொடங்கினால் அவன் பேசமாட்டான். ஈட்டி எறிந்து மீன் பிடிக்கிறவன் பேசக் கூடாது. மணிக்கணக்கில் அவன் தோள் அவள் தோளில் சாய்ந்திருக்கும். தான் கட்டிக்கொண்டது இந்த மனுஷனைத்தான் என்று அப்போதெல்லாம் அவளுக்குத் தோன்றும்.

மெர்லுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அதுவும் இல்லாமல் போயிற்று. இருட்டறையாக ஏரிமேல் இழுத்துப்போகிற அந்தப் பழைய மரக்கூடு யானைக் கனம். கனமானது எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு குளிர்காலம் வீட்டுக்குள் டிவியும் மெர்லும் போட்டி போட்டுப் பேசினார்கள். ஆர்டிஸ் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் அவள்தான் யோசனை சொன்னாள். ஆபீஸ் கட்டடங்களில் சுவருக்குள் நிறுத்துகிற மெல்லிய தகரச் சட்டம் இருக்கிறதே, அதில் கட்டலாம். ஒரு சட்டத்தை இரண்டு விரலால் தூக்கிவிடலாம். இதைக் கேட்ட பக்கத்து வீட்டு ஆரின், அது மீன்பிடிக்கும் கூடு இல்லை, பீர் டின் என்றான். மெர்லுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேருமே இழுத்துக்கொண்டு போவோம், அது இருட்டறையாக உதவவில்லையென்றால் என் ஈட்டியை நீயே வைத்துக்கொள், இனிமேல் ஏரிப் பக்கமே வரமாட்டேன் என்று வாயைக் கொடுத்தான். அவன் பந்தயம் வைத்தது ஆர்டிஸின் குளிர்காலத்தையும் சேர்த்துத்தான்.

கார் ஷெட்டில் வேலை நடந்தது. அவள் கத்தரியால் சட்டங்களை அளவுக்கு வெட்டினாள். தரையிலும் மேலேயும் பள்ளமாக மடித்த தகரப் பட்டைகளைப் படுக்கவைத்து, அவற்றுக்குள் சட்டங்களை நிறுத்தி முடுக்கினார்கள். அடியில் பழைய பனிச்சறுக்குப் பலகைகள். வெளியே அலுமினியத் தகடு போர்த்துவது மெர்லின் பொறுப்பு. தகட்டுக்குப் பின்னால் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியாது, அதன் முகமோ விரல் அகலம்தான். ஹாக்கி ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஸ்க்ரூவை இறக்குவான். சட்டத்தில் பிடிக்காது. கழற்றி, சற்றுத் தள்ளி மறுபடி இறக்குவான். ஹாக்கி முடிந்து பேச்சில் தேவாலயக் கூரை வந்தது, அது முடிந்து மைத்துனன் வந்தான். குழல் விளக்கு வெளிச்சத்தில் யாரும் ஒன்றையும் கவனிக்கவில்லை.

ஏரிக்கு இழுத்துப்போன அன்று கூடு பிள்ளைகளின் சறுக்கு வண்டி போல ஓடியது. மெர்ல் வழியெல்லாம் அதன் புகழைப் பாடினான். குழி வெட்டி, கூட்டை அதன்மேல் நிறுத்தி, கீழே நீந்தும் மீன் எடுப்பாகத் தெரிய முட்டையோடுகளை ஏரியின் அடித்தரையில் தூவினார்கள். ஆரினும் வந்து சேர்ந்தான். ஆர்டிஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சுவரெல்லாம் நட்சத்திரம் பூத்திருந்தது.

மெர்ல் குறி தவறிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு துளை, ஒவ்வொரு துளையிலும் வெயில். உள்ளே கும்மிருட்டாக இருந்தால்தான் தண்ணீரின் அடி தெரியும். இப்போது குழி கண்ணாடியாகிவிட்டது. அதில் அவள் முகம்தான் தெரிந்தது.

ஆரின் தலையை உள்ளே நீட்டினான். “என்னடா மெர்ல், வானத்தையும் சேத்தே கட்டிட்டியா?”

மெர்லும் உள்ளே வந்து துளைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் தொங்கிப்போனதைக் கண்டதும் ஆர்டிஸுக்குக் கோபம் வருவதற்குப் பதில் சிரிப்பு வந்தது.

“ஒவ்வொரு ஓட்டையும் நீ பேசின ஒரு பேச்சு” என்றாள். “அந்தப் பெரிசு இருக்கே, அது உன் மைத்துனன்.”

சிரித்துக்கொண்டே கரண்டியால் குழியில் மிதந்த பனிச்சேற்றை அள்ளிக்கொண்டு வெளியே வந்து, சுவரில் ஓங்கி அடித்தாள். அந்தக் குளிரில் அது பட்ட இடத்திலேயே இறுகியது. ஒரு நட்சத்திரம் அணைந்தது. மெர்ல் வாளியில் பனியையும் ஏரித் தண்ணீரையும் குழைத்தான். சும்மா வேடிக்கை பார்க்க ஆரினுக்குக் கை பொறுக்கவில்லை. நீ பூசுவது சுவருக்கா சட்டைக்கா என்று மெர்லை ஏசிக்கொண்டே அவனும் இறங்கினான். மூன்று பேரும் பள்ளிப் பிள்ளைகளைப் போலப் பூசினார்கள். மீசையெல்லாம் பனி.

“இனி இத வசந்தம் வரைக்கும் அசைக்க முடியாது” என்றான் ஆரின்.

“யாரு அசைக்கப் போறா?” என்றாள் ஆர்டிஸ்.

மெர்லும் ஆர்டிஸும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கீழேயிருந்து பச்சை வெளிச்சம் மெல்ல ஏறி வந்தது. பாசி, கூழாங்கல், முட்டையோடு எல்லாம் கைக்கெட்டும் தூரம் போலத் தெரிந்தன.

“ஏதாவது தெரியுதாடா?” என்று வெளியிலிருந்து ஆரின் கேட்டான். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டான். மெர்லிடமிருந்து பதில் வரவில்லையென்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும்: தண்ணீரின் அடி தெரிகிறது. பந்தயத்தில் தோற்றது ஆரினுக்குப் புரிந்தது. அவன் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

நெடுநேரம் கழித்து நீள வாய்க்கார மீன் ஒருவன் நிழல் போல வந்து குழியின் நடுவில் நின்றான். அவள் கை நீளம் இருப்பான். ஈட்டி அவள் கையில்தான் இருந்தது. எறிந்தால் மெர்ல் பேச ஆரம்பித்துவிடுவான். ஈட்டியை மடியில் கிடத்தினாள். மீன் வாலை ஒருமுறை வீசிவிட்டுப் போனது.

மெர்ல் திரும்பி அவளைப் பார்த்தான். அவன் கேட்பதற்குள் அவளே சொன்னாள்: “சின்னது.”

அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், மறுபடி தண்ணீரைப் பார்க்கக் குனிந்தான்.