செலவாகாத சம்பளம்

கணக்கர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. வழக்கமாக ஆளே வரமாட்டார். கீழ்த்தளத்திலிருந்து போனில் கூப்பிட்டு, "போன மாச ரசீது எங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். இன்று மாடிப்படி ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில், பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் தகப்பனுக்கு இருக்கும் களை.

"மேடம், இந்த ஆஸ்பத்திரியில எத்தனை பிரிவு இருக்கு? ஒதுக்கின பணத்துல மிச்சம் வெச்சிருக்கறது உங்க பிரிவு மட்டுந்தான். மத்தவங்க எல்லாம் குடுத்ததை வழிச்சு நக்கிட்டு, இன்னும் போடுன்னு தட்டை நீட்டறாங்க."

சின்னவள் பேனாவை மூடி வைத்தாள். அது அவளுடைய பெயரல்ல. சர்க்கரை நோய்ப் பிரிவின் இந்தச் சிறிய அலுவலக அறையில் எதிரெதிராக இரண்டு மேசைகள், இரண்டு பெண்கள். வார்டுக்காரர்கள் அடையாளத்துக்குப் பெரியவள், சின்னவள் என்று வைத்த பெயர். பெரியவள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. காலையில் பேருந்துக்கு நின்றிருந்தவள் நிழற்குடைத் திண்ணையின் விளிம்பில் உட்கார்ந்தாளாம், பேருந்து வந்தபோது எழுந்திருக்கவில்லையாம். அதற்குப் பிறகும் சின்னவள் சின்னவளாகவே இருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் போனாலும், நாற்பத்தைந்து வயதிலும், அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை.

மிச்சம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். மாதாமாதம் பெரியவளுக்கென்று ஒதுக்கிய சம்பளம் வாங்க ஆளில்லாமல் அப்படியே கிடந்தது. மழையில் யாரும் எடுக்காத வாளியில் தண்ணீர் சேர்வதுபோல அது பாட்டுக்குச் சேர்ந்துகொண்டிருந்தது.

"ஒரு நாலு வரி எழுதிக் குடுங்க," என்றார் கணக்கர். "ஏன் செலவு கம்மியாச்சுன்னு. 'இருக்கிற ஆளை வைத்தே வேலை முடிந்தது'ன்னு போட்டுட்டாப் போதும். அடுத்த பட்ஜெட்லருந்து அதை எடுத்துடலாம்."

"எதை சார்?"

"அந்த இடத்தைத்தான். அங்க ஆளே தேவையில்லன்னு நீங்களே காட்டிட்டீங்களே. நாளைக்குச் சாயங்காலம் குடுத்தாப் போதும், அவசரமில்ல." போகிற போக்கில் எதிர் மேசையின் முனையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். தூசி இல்லை. "சுத்தமா வெச்சிருக்கீங்க," என்றார்.

அவர் போன பிறகு அவள் பேனாவைத் திறந்து, மறுபடி மூடினாள். ஆளே தேவையில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். அந்தப் பாராட்டு மெல்ல உள்ளே இறங்கி எங்கோ போய்க் குத்தியது.

பெரியவளின் வேலை போன் பேசுவது. பரிசோதனைக்கு வரவேண்டிய தேதியில் வராதவர்களைக் கூப்பிட்டு வரச்சொல்ல வேண்டும். கேட்க எளிது. சர்க்கரை வலிக்காத நோய், அதனால் யாரும் வரமாட்டார்கள். கால் கறுத்த பிறகுதான் வருவார்கள். பெரியவள் அவர்களைக் கெஞ்சுவாள், திட்டுவாள், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பாள், எதையாவது கேட்டு வயிறு குலுங்கச் சிரிப்பாள். நோயாளிகளுக்கு அவள் 'போன் அக்கா'. அவள் முகத்தை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. பரிசோதனை நடக்கும் கட்டடம் வேறு, இது வேறு.

அவள் இறந்த மறுவாரம் சின்னவள் அந்தப் போனை எடுத்தாள். யாரும் சொல்லவில்லை. தேதி தவறியவர்கள் பட்டியல் கணினியில் நீண்டுகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. முதலில் கிடைத்தது ஒரு தையற்கார அம்மாள். பின்னால் மிஷின் ஓடும் சத்தம். "யாரு, போன் அக்காவா?" என்றாள். நடந்ததைச் சொல்வதற்காக வாயைத் திறந்த சின்னவள், "ஆமா" என்றாள்.

எதற்காக அப்படிச் சொன்னாள் என்று பின்பு பலமுறை யோசித்திருக்கிறாள். சொன்னால் அந்த அம்மாள் அழுவாள், தன்னால் அதைத் தாங்க முடியாது என்பது ஒரு காரணம். அடுத்த நபரிடமும் அதையே சொல்ல வேண்டும், அதற்கடுத்தவரிடமும் என்பது இன்னொன்று. ஆனால் இவை இரண்டும் பிறகு கண்டுபிடித்த காரணங்கள். அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது வேறு. ஒரு வீட்டிலாவது பெரியவள் இன்னும் சாகவில்லை என்று தோன்றியது.

அப்புறம் அது பழகிவிட்டது. ஒன்பது வருடமாக எதிர் மேசையில் உட்கார்ந்து அந்தப் பேச்சுகளின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டிருந்தாள். இப்போது அதன் மறுபக்கம் காதுக்குள் வந்தது. யாருக்கு முழங்கால் வலி, யாருடைய மகன் வேலையை விட்டான், எல்லாமே பாதி தெரிந்த கதைகள். மீதிப் பாதி தானாக வந்து பொருந்திக்கொண்டது. பெரியவளின் 'கண்ணு', பெரியவளின் 'அதெல்லாம் சரி, எப்ப வர்றே?', எல்லாம் வாயில் வந்தன. தன் வேலையை நாலு மணிக்குள் முடித்துவிட்டு, வீட்டுக்குப் போகும்வரை அவள் பெரியவளாக இருந்தாள்.

நடுவில் ஒருமுறை பெரிய டாக்டர் கேட்டார், ஆள் எடுக்க விளம்பரம் கொடுக்கலாமா என்று. "இப்ப அவசரமில்ல டாக்டர், நான் பாத்துக்கறேன்," என்றாள். அவர் அவளை நன்றியோடு பார்த்தார். அந்த நன்றிக்குத் தனக்கு அருகதை இல்லை என்று அப்போதே தெரியும். வேறொருத்தி அந்த மேசைக்கு வந்து, தன் டிபன் பாக்ஸை வைத்து, தன் குரலில் "ஹலோ" என்று சொல்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான். தியாகம் ஒன்றுமில்லை.

அன்று வீட்டில் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் அவள் கணவன் சிரித்தான். "ஒரு சம்பளத்துக்கு ரெண்டு வேலை பாக்கறவளை எவன் விடுவான்? வண்டியில ஒரு டயர் இல்லாம ஓட்டிக் காட்டினா, மொதலாளி மூணு டயர்தான் வாங்குவான்."

"அப்ப நான் பேசாம விட்டிருக்கணுமா? காலு போனவங்க எத்தனை பேரு ஆயிருப்பாங்க?"

"விட்டிருக்கணும்னு சொல்லல. ஓட்டறப்ப சத்தமாவது போட்டிருக்கணும்."

மகள் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கப்போன சின்னவள், "போதுமா கண்ணு?" என்றாள்.

"அம்மா, அப்படிக் கூப்பிடாதே." மகள் நிமிரவில்லை. "ஒரு வருஷமா சொல்லணும்னு நெனைச்சேன். உனக்கு அது வரல. யாரோ நம்ம வீட்டுல இருக்கற மாதிரி இருக்கு."

கணவன் மகளைப் பார்க்காமல் தண்ணீரைக் குடித்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது என்பது அந்தக் குடிக்கும் விதத்தில் புரிந்தது.

மறுநாள் மதியம் கதவருகில் ஒரு பெண் வந்து நின்றாள். அறுபதை ஒட்டிய வயது, கழுத்தில் மூக்குக் கண்ணாடி தொங்கியது, ரவிக்கையின் தோள்பட்டையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. மூன்று கட்டடம் ஏறி இறங்கிக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். "போன் அக்காவைப் பாக்கணும்," என்றாள்.

குரலைக் கேட்டதுமே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. மிஷின் சத்தம் மட்டும்தான் இல்லை.

"உக்காருங்க," என்றாள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தையற்காரம்மாள் முகம் மலர்ந்து, உடனே சந்தேகத்தில் சுருங்கியது.

"நீங்கதானா? நல்லாத்தான் இருக்கீங்க. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"ஏன்?"

"ஒரு வருஷமா நீங்க சிரிக்கவே இல்லையே. முன்ன எல்லாம் நான் ஒண்ணு சொன்னாப் போதும், போன் அதிரும். எம் பேரன் ஓடிவந்து காதை வெச்சுக் கேப்பான். இப்ப எல்லாம் சரியாத்தான் பேசறீங்க, கொறை சொல்ல முடியாது. ஆனா தைச்ச துணியைப் பிரிச்சு மறுபடி தைச்ச மாதிரி இருக்கு. ஒடம்புக்கு முடியலையா, வீட்ல ஏதாச்சுமா... போன்ல கேட்டா மறைச்சிடுவீங்க. நேர்ல பாத்துடலாம்னு வந்தேன்."

சின்னவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்திருந்தாள். அதில் ஒரு ரகசியப் பெருமைகூட இருந்தது. இந்த அம்மாள் கண்டுபிடித்து, விஷயம் இன்னதென்று தெரியாமலே கவலைப்பட்டு, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

"அம்மா, அவங்க இல்ல. போன வருஷமே இறந்துட்டாங்க. அதுலருந்து நான்தான் பேசறேன்."

தையற்காரம்மாள் தோளில் இருந்த நூலை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"மருமக கோவிச்சுக்கிட்டுப் போனப்ப அழுதேனே. அது யாருகிட்ட?"

"எங்கிட்டதான்."

"நீங்க யாரு?"

சின்னவள் எதிர் மேசையைப் பார்த்தாள். "இந்த மேசைல இருக்கறவ. அவங்க எதிர்ல இருந்தவ."

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க," என்றாள் தையற்காரம்மாள் மெதுவாக. கோபம் இருந்தால் தேவலை என்று சின்னவளுக்கு இருந்தது. "ஆனா செத்தவங்களுக்கு ஒரு வருஷமா நான் அழலையேம்மா. நீங்க அழ விடலையே."

நூலைக் கீழே போட்டுவிட்டு, "எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"மாநிறம். கொஞ்சம் குள்ளம். முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கும்."

"அதான்," என்றாள் தையற்காரம்மாள். "சர்க்கரைன்னு சொல்றப்ப ஒரு விசில் வரும். போன்தான் கோளாறுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்." பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்தக் காலி மேசையைப் பார்த்து அழுதாள். சின்னவள் அவளைத் தொடவில்லை. தொடும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் அவள் நாலு வரி எழுதினாள். எழுதி அடித்து, மறுபடி எழுதினாள்.

கீழ்த்தளத்தில் கணக்கர் அதை வாங்கிச் சத்தமாகவே படித்தார். "'இருக்கிற ஆளை வைத்து வேலை முடியவில்லை. முடிந்ததுபோல் காட்டப்பட்டது. காட்டியது நான். இடத்தை எடுக்க வேண்டாம், ஆள் நியமிக்க வேண்டும்.'" கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "மேடம், நான் காரணம் கேட்டேன். நீங்க வாக்குமூலம் குடுத்திருக்கீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"மேல அனுப்பினா உங்களைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. மிச்சம் எப்படியும் திரும்பப் போயிடும். இடம் நிக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஒரு வருஷம் ஆள் இல்லாம ஓடினதை, ஓடலைன்னு இப்ப எப்படி நம்புவாங்க? வராதவங்க கணக்கு கூடலையே. எல்லாரும் வந்திருக்காங்களே."

சிரிப்பு குறைந்தது என்று படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கணக்கர் தாளை மடித்தார். மடித்ததைப் பிரித்து, மறுபடி பார்த்தார். "என்னையும் கூப்பிடுவாங்க," என்றார், வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோல.

"யாரு?"

"உங்க எதிர் மேசைக்காரங்கதான். எனக்கும் சர்க்கரை இருக்குல்ல. 'சார், ஊர்க்கணக்கெல்லாம் பாக்கறீங்க, உங்க ரத்தத்தையும் ஒரு தடவை பாருங்களேன்'ம்பாங்க. இந்த வருஷம் யாரும் கூப்பிடல. நானும் போகல."

"பட்டியல்ல உங்க பேரு இல்லையே சார்."

"இருக்காது. இங்க வேலை பாக்கறவங்க பேரு பட்டியல்ல ஏறாது. அவங்களா ஞாபகம் வெச்சுக் கூப்பிடுவாங்க." மேசைக்கு அடியில் அவர் வலது செருப்பைக் கழற்றி வைத்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். பெருவிரலில் ஒரு துணிக் கட்டு. அவள் பார்ப்பது தெரிந்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா சார்?"

"கல்லு இடிச்சுது. சின்னக் காயந்தான்."

"நாளைக்குக் காலையில வரணும்," என்றாள். பெரியவளின் வார்த்தைகள் நாக்கு வரை வந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, தன்னிடம் இருந்ததைச் சொன்னாள். "வரலைன்னா நானே கீழ வந்து கூட்டிட்டுப் போவேன். எனக்குச் சிரிச்சுப் பேசி வரவழைக்கத் தெரியாது."

கணக்கர் தலையை ஆட்டினார். வருவதாகவும் இருக்கலாம், தாளை மேலே அனுப்புவதாகவும் இருக்கலாம்.

மாடிக்கு வந்தாள். வீட்டுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. பட்டியலில் அடுத்து இருந்தவர் பழைய பேப்பர்க் கடை வைத்திருப்பவர். எண்ணை அழுத்திவிட்டு, அவர் எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். எடுத்துவிட்டார். பின்னால் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்கக்கா. தெரியும், தேதி தாண்டிடுச்சு, திட்டாதீங்க."

"நான் அவங்க இல்லீங்க," என்றாள். தன் குரல் அவளுக்கே மெலிந்து, அறிமுகமில்லாததாகக் கேட்டது. "எதிர் மேசைல இருந்தவ. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

அந்தப் பக்கம் யாரிடமோ "கொஞ்சம் இருப்பா" என்றார் அவர். பேரம் பேசும் குரல் நின்றது. இரும்பின் மேல் இரும்பாக எடைக்கல் ஒன்று மெல்ல இறக்கி வைக்கப்படும் ஒலி கேட்டது. பிறகு, அவிழ்ந்த காகிதக் கட்டு எதையோ காற்று ஒவ்வொரு தாளாகப் புரட்டத் தொடங்கியதும் கேட்டது.