மாமனாரின் மோட்டார்

என் மாமனாரிடம் ஒரு விஷயம் பேச வேண்டுமென்றால் முதலில் அவருடைய விமானத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் அறையைச் சும்மா எட்டிப் பார்த்தாலே போதும், கையில் ஸ்க்ரூடிரைவரைத் திணித்துவிடுவார். ரிமோட்டில் பறக்கிற குட்டி விமானங்கள் செய்வதுதான் ரிட்டயரான பிறகு அவருக்கு முழுநேர உத்தியோகம். சம்பளமில்லாத உதவியாள் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவரிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். நாங்கள் தனியாக வீடு பார்த்துவிட்டோம், போகிறோம். வீட்டின் சொந்தக்காரர் சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார். தவறினால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள் என் மனைவி. "நான் சொன்னா அழுதுருவேன். அப்புறம் அவரும் அழுவாரு. கடைசில நம்ம இங்கயேதான் கெடப்போம்."

"நான் சொன்னா மட்டும் சிரிப்பாரா?"

"மாப்பிள்ளைன்னு ஒரு மரியாதைக்காவது அடக்கிப்பாரு. இன்னிக்கு விட்டீங்க, இனிமே வீடு கீடுன்னு என்கிட்ட பேசவே கூடாது."

மாமியார் போன துக்கத்தில் அவர் தனியாக இருக்க வேண்டாமே என்று கொஞ்ச நாளைக்கு வந்தோம். அந்தக் கொஞ்ச நாள் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போகிறது. எங்களுக்கென்று இருப்பது மாடியில் ஒரே ஒரு அறை. கட்டிலுக்கு மேலே அவர் செய்த இறக்கைகள் கயிற்றில் தொங்குகின்றன, எழுந்தால் தலையில் இடிக்கும். நானும் அவளும் மனம்விட்டுச் சண்டைகூடப் போட முடியாது. குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் கீழேயிருந்து "மாப்ளே" என்று வரும். நான் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. என்னை எடுக்கத்தான் ஆள் இல்லை.

அறைக்குள் போனதும் கதவைத் தாழிடச் சொன்னார். மரத்தூள் கூடத்துக்குப் பறந்தால் மகள் திட்டுவாளாம். மேசைமேல் புது விமானம் மூக்கில்லாமல் உட்கார்ந்திருந்தது.

"வாங்க மாப்ளே. ஆளையே தூக்குற மோட்டாரெல்லாம் பாக்குறவரு நீங்க. இந்தப் பொடி மோட்டார மாட்ட மாட்டீங்களா?"

முன்பலகையில் மோட்டாரை நேராக வைத்து முடுக்கினால் தீர்ந்தது என்றுதான் ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். அப்படி மாட்டினால் விசிறி சுற்றுகிற சுற்றில் விமானம் இடப்பக்கம் இழுக்கும், மூக்கையும் தூக்கும். அதனால் மோட்டார் கொஞ்சம் வலப்பக்கமும் கொஞ்சம் கீழேயும் பார்க்க வேண்டும். கோணலாக மாட்டினால்தான் நேராகப் பறக்கும். இடது மேல்மூலைத் திருகுக்கு அடியில் வாஷர் கொடுத்து மோட்டாரைச் சாய்த்தேன். திருகுகளைக் குட்டையாகத் தேடி எடுத்தேன். நீளமாக இருந்தால் உள்ளே போய்ச் செம்புக் கம்பிச் சுற்றைக் குத்திவிடும், மோட்டார் காலி. மூன்று வயர்களையும் சொருகிவிட்டு நிமிர்ந்தேன்.

"மாமா, ஒரு விஷயம்."

"மொதல்ல சரியான பக்கம் சுத்துதான்னு பாத்துருவோம். அப்புறம் பேசலாம். விசிறிய மாட்டுங்க."

"வீட்டுக்குள்ள விசிறி வேணாம் மாமா. மோட்டார் மட்டும் சுத்துனாலே தெரிஞ்சிரும்."

"எப்படி இழுக்குதுன்னு பாக்க வேணாமா? மாட்டுங்க."

மாட்டினேன். அவர் பேச்சை மீறத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ வேறு வீட்டில் இருந்திருப்பேன்.

விமானத்துக்குப் பின்னால் நின்று இறக்கைக்குப் பின்புறம் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அவர் ரிமோட்டில் வேகக் குச்சியை லேசாகத் தள்ளினார். விசிறி சரியான பக்கம்தான் சுற்றியது. "அப்படிப் போடு," என்று குச்சியை இறக்கினார். அந்த நேரம் பார்த்து ரிமோட்டின் விளக்கு அணைந்தது. சுவர்க்கடிகாரத்தில் ஓடிக் களைத்த பேட்டரிகளைக் கழற்றி அதில் போட்டிருந்தார் மனுஷன்.

சிக்னல் போனால் மோட்டார் நிற்க வேண்டும். இது முழு வேகத்தில் அலறியது. காலையில் ரிமோட்டையும் விமானத்தையும் முதல்முறை இணைத்தபோது குச்சியை மேலே தள்ளியே வைத்திருந்திருக்கிறார். சிக்னல் அறுந்தால் மோட்டார் அந்த நிலைக்குத்தான் போகும் என்பது எங்கள் இருவருக்குமே அப்புறம்தான் தெரிந்தது.

கயிறு கட்டிய காளை மாதிரி விமானம் முன்னால் இழுத்தது. காற்று முகத்தில் அறைந்தது. மரத்தூள் கண்ணில் விழுந்தது. விட்டால் எதிரே நிற்கிற மாமனார் மேல் பாயும், ஒரு கையை எடுத்தால் திரும்பி என்னை வெட்டும். இந்தச் சத்தம் இந்த வீட்டுக்குப் பழக்கம் என்பதால் யாரும் ஓடி வரப்போவதில்லை.

"பேட்டரியப் புடுங்குங்க மாமா," என்று கத்தினேன்.

விமானத்தின் பேட்டரி மூடி விசிறிக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது. பக்கவாட்டில் வந்து கையை நீட்டினார். கை நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறதென்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் பயமே இல்லை, வெட்கம்தான் இருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி நீட்டினார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. விரல்கள் விசிறிப் பக்கமாகவே போயின. பின்வாங்கிவிட்டார்.

"வேணாம், வேணாம். பின்னாடி வந்து இதக் கட்டிப் புடிங்க. நான் புடுங்குறேன்," என்றேன்.

வந்தார். நெஞ்சோடு சேர்த்து விமானத்தை அணைத்துக்கொண்டார். அந்தப் பிடியில் குறை சொல்ல முடியாது. நான் மெதுவாகக் கையை விலக்கி, பக்கவாட்டில் நகர்ந்து, மூடியைத் திறந்து பிளக்கை உருவினேன். மோட்டார் நின்றது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா மாமா?"

"கொஞ்ச நாளா."

"டாக்டர்?"

"பாத்துட்டேன். போகப் போகக் கூடத்தான் செய்யுமாம். அவகிட்ட சொல்லிராதீங்க மாப்ளே. தெரிஞ்சா என்னைவிட்டு நகரவே மாட்டா. காலம் பூரா இங்கயே கெடப்பா. அவளுக்கு எதுக்கு அந்தத் தலையெழுத்து? அதான் நீங்க இருக்கீங்கள்ல. போதும்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. யாரைக் கேட்டு என்னைக் கணக்கில் சேர்த்தார்? அவளுக்கு வேண்டாத தலையெழுத்து எனக்கு மட்டும் வேண்டுமா? கேட்டிருக்கலாம். அந்தக் கையைப் பார்த்த பிறகு எப்படிக் கேட்பது?

"ஏதோ விஷயம்னீங்களே?"

"ஒண்ணுமில்ல மாமா," என்றேன். "அப்புறம் சொல்றேன்."

தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்தேன். அவள் கூடத்தில் ஃபோனோடு நின்றிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

என்ன சொல்வது? இருக்கிற ஒரே காரணத்தைத்தான் அவளிடம் சொல்லக்கூடாதென்று மாமனார் கேட்டிருந்தார். "வாய் வரல," என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சொந்தக்காரரைக் கூப்பிட்டு மிகவும் பணிவாகப் பேசினாள்.

"மன்னிச்சுக்குங்க சார், வீட்ட வேற யாருக்காவது குடுத்துருங்க. எங்க வீட்டுக்காரருக்கு எங்கப்பாவத் தனியா விட்டுட்டு வர மனசு வரலையாம்."

ஃபோனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"கட்டுன புருஷனுக்கு தைரியமில்லைன்னு வெளிய சொல்ல முடியுமா? அதான் அப்படி ஒரு பொய்யச் சொன்னேன்."

"சரி," என்றேன்.