சித்தி ஜனாபாவின் புழு

பேராசிரியர் குமரகுருபரன் மண்புழுவை லென்ஸில் பார்த்தே இனம் சொல்லிவிடுவார். முப்பது வருஷத்துக்கு முன் புது இனம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்குத் தன் அப்பா பெயரை வைத்தவர். அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த கமர் நிஷாவுக்குப் போதாத காலம், அந்தப் பெயரிலேயே கை வைத்துவிட்டாள்.

ஸ்ரீவைகுண்டம் வாழைத்தோட்டத்தில் அவள் தோண்டியெடுத்த ஐந்து புழுக்களும் பார்வைக்கு அவருடைய இனம்தான். ஒன்றின் வாலை நறுக்கி மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படித்தபோது பதினாலு சதவீதம் வேறாக வந்தது. அப்படியென்றால் இது தனி இனம். மேலப்பாளையத்தில் பீடி சுற்றித் தன்னைப் படிக்கவைத்த உம்மாவின் பெயரான 'சித்தி ஜனாபா'வைத்தான் வைப்பது என்று அன்றே முடிவு செய்தாள். "போயும் போயும் புழுவுக்கா எம்பேரு?" என்று உம்மா வெட்கப்பட்டாள். ஆனால் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கட்டுரை அனுப்பியபோது, ஒரு புழு போதாது, மற்றவற்றையும் சோதிக்கவேண்டும் என்றது ஆய்விதழ். சாரிடம் சொன்னாள்.

"ரொம்ப சந்தோசம் பிள்ள. நோன்பு முடிஞ்சு வந்து பையச் செய்யி."

பெருநாள் கழிந்து வந்து, புழுவைப் போட்டுவைத்த புட்டியைத் திறந்ததும் கண் எரிந்தது. லேபிளில் ஆல்கஹால், உள்ளே ஃபார்மலின். அதில் ஊறினால் புழு விறைப்பாக அழகாக நிற்கும், டிஎன்ஏ பாழாகிவிடும். ஐந்து புட்டியிலும் அதேதான்.

ஆய்வக உதவியாளர் தாணுமாலையன் தலையைச் சொறிந்தார். "நான் மாத்தித் தாரேம்னேன். வேண்டாம்னு சாரே கைப்பட மாத்துனாவ."

மூன்று முறை சோதித்தும் ஒன்றும் தேறவில்லை. வேறு புழு தேடி ஓடினால், தோட்டத்தில் சரளை கொட்டி மனைக்கல் நட்டிருந்தார்கள்.

பேராசிரியர் அறைக்குப் போனாள். "ஏன் சார் இப்பிடிச் செஞ்சிய?"

"ஆல்கஹால்ல கெடந்து சுருங்குதுல்லா. இப்ப லெச்சணமா நிக்கு பாரு." அவருக்குக் கூச்சமே இல்லை. "ஆய்வேட்டுக்கு எங்கையெழுத்து வேணும்லா? அஞ்சும் எங்கப்பா பேருள்ள இனம்னு எழுதிட்டு வா."

அழுதுகொண்டேதான் எழுதினாள். அவர் நிதானமாகப் படித்து, 'முதல் முடிவு பிழையானது' என்ற வரியில் பேனாவை நிறுத்தினார்.

"ஆய்வாளரின் கவனக்குறைவால்னு சேத்துக்கோ."

சேர்த்தாள். கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் உம்மா பீடித்தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "எம்பேரு எப்பம்மா வருது?"

"பீடி சுத்துதவளுக்கு எதுக்கும்மா பேரு?" என்றாள் கமர் நிஷா.

உம்மா அடுத்த இலையை எடுத்தாள்.