ஹன்னாவுக்கு ஓர் அர்ச்சனை

மயூரா பன்னிரண்டு வருடமாக இசை நாடக நடிகை. மெல்பேர்னில் கூட்டத்தோடு பாடினாள், சிட்னியில் கூட்டத்தோடு ஆடினாள். பணிப்பெண், பூக்காரி, ஊர்ச்சனத்தில் ஒருத்தி, ஒருமுறை மரம். பெயருள்ள பாத்திரம் ஒன்றுகூட வாய்க்கவில்லை. இந்த நாடகத்தில்தான் கதாநாயகிக்கு அண்டர்ஸ்டடி ஆனாள். அதாவது, கதாநாயகிக்கு உடம்பு ஏலாமல் போகும் நாளில் அந்த வேடம் இவளுக்கு. மற்ற நாளெல்லாம் பழையபடி பின்வரிசை.

கதாநாயகி ஹன்னாவோ ஏழு மாதமாகத் தும்மக்கூட இல்லை. குழுவில் பாதிப் பேர் ஃப்ளூவில் விழுந்து எழும்பினார்கள். அவளை மட்டும் ஒன்றும் அண்டவில்லை. மயூரா நல்ல மனசுக்காரிதான். ஆனாலும் ஹன்னா இலேசாகச் செருமினால் காதைத் தீட்டிக்கொள்வாள். ஒருநாளாவது மேடை நடுவில் நின்று பாட வேண்டும், அதை அம்மா இருந்து பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நாடகம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை, மயூரா தன் அம்மா யோகாவைச் சிட்னி வென்ட்வேர்த்வில் வீட்டிலிருந்து மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போனாள். குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கினார். பெயரைக் கேட்கவே இல்லை.

"ரோகிணி நட்சத்திரம், ஹன்னா" என்று தானாகவே சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மயூரா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஆருக்கு அம்மா அர்ச்சனை?"

"உங்கட ஹன்னாவுக்குத்தான். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினதெண்டு சொன்னனியெல்லோ, அதை வைச்சு இன்டர்நெட்டில நட்சத்திரம் பாத்தனான். ஒவ்வொரு வெள்ளியும் செய்யிறன். அந்தப் பிள்ளை படுத்தால் நாடகம் நிண்டுபோம், உன்ர வேலையும் போயிடும்."

மயூராவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காரில் ஏறியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாடகம் நிக்காது அம்மா! அவவுக்கு ஏலாமல் போனால்தான் நான் பாடலாம். ஏழு மாதமா என்ர பிழைப்பில மண்ணள்ளிப் போட்டிருக்கிறீங்கள்!"

யோகா சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள்.

"அதுக்காக, அந்தப் பிள்ளை வருத்தம் வந்து படுக்கோணுமெண்டு நான் கும்பிடேலுமோ?"

"கும்பிட வேண்டாம். பேசாமல் இருந்தாலே காணும்."

அடுத்த வெள்ளி யோகா கோயிலுக்குப் போகவில்லை. ஞாயிறு காலை நாடக முகாமையாளர் அழைத்தார். ஹன்னாவுக்குக் குரல் அடியோடு போய்விட்டதாம், நாடகத்தின் கடைசி நாளான அன்று மயூராதான் கதாநாயகி. மயூரா கட்டில் மேல் ஏறிக் குதித்தாள். வெட்கம் பிறகுதான் வந்தது, அதுவும் கொஞ்சம்தான். அம்மாவுக்கு அழைத்துச் சொன்னபோது, மறுமுனையில் "ஐயோ முருகா" என்று மட்டும் கேட்டது.

யோகா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் இருந்தாள். மயூரா பாடினாள். நன்றாகவே பாடினாள், பொதுவாகத் தன்னைப் பற்றி அவ்வளவு தாராளமாக நினைக்காத அவளுக்கே அது தெரிந்தது. கடைசிப் பாட்டு முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வெளிச்சம் கண்ணில் அடித்ததால் அம்மாவின் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.

வேடத்தைக்கூடக் கலைக்காமல் பக்கவாசலுக்கு ஓடி வந்தாள். யோகா அங்கே நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"தொண்டை தானே, மாறிடும். நான் எப்பிடி அம்மா?"

யோகா சேலைத் தலைப்பைத் திருகினாள். "கோவிக்காதை பிள்ளை. நான் பாக்கேல்லை."

"என்னத்தைப் பாக்கேல்லை?"

"நான் கோயிலுக்குப் போகாததாலதான் அதுக்குக் குரல் போனதெண்டு நெஞ்சு இடிச்சுக்கொண்டே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொன்னனான். கைதட்டேக்கதான் திறந்தனான். அதுக்குள்ள முன்னுக்கு எல்லாரும் எழும்பி நிண்டிட்டினம்."

மயூரா வேடத்துப் பொய்முடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்காப் பாடுவியெல்லோ?" என்று யோகா கேட்டாள்.

உள்ளே ஆட்கள் காட்சித் தட்டிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள்.