கஞ்சி ஊற்றாத பாவு

விடியுமுன்பே, தறிக்குப் போக வேண்டிய நீள இழைகளை, பாவை, தெரு நீளத்துக்கு விரித்து இழுத்துக் கட்டிவிட்டோம். தைப் பனியில் கயிறு இழுத்த உள்ளங்கை எரிந்தது. வெயில் ஏறுவதற்குள் கஞ்சி ஊற்றி, புருசால் இழைகளை நீவி, காயவிட்டுச் சுருட்டியாக வேண்டும்.

குஞ்சம்மாள் தெருவோரம் நின்றிருந்தாள். எங்கள் கொட்டகையில் பாவு பிணைக்கிறவள். தறியில் தீர்ந்த பாவின் இழையோடு புதுப் பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்குவாள். ஐப்பசியில் பாவு சுற்றிய உருளை, கட்டியிருந்த கயிறு அறுந்து, அவள் வலக்கையில் விழுந்தது. கயிறு இற்றுவிட்டதென்று நாங்கள் சொல்லாத நாளில்லை. முதலாளி காதில் ஏறினால்தானே!

சேலத்து ஆசுபத்திரியில் கட்டு அவிழ்த்த டாக்டரம்மா, "சும்மா வெச்சிருந்தா விரல் விறைச்சுப் போயிடும். பழகின வேலையையே அதுக்குக் கொஞ்சங்கொஞ்சமாக் கொடு" என்றார். அன்றிலிருந்து ராகி மாவு பிசைந்தாள், கயிறு திரித்தாள், கழிவு நூலை முறுக்கினாள். வலி தாளாமல் அவள் முனகுவது பக்கத்து வீட்டில் எனக்குக் கேட்கும். இனி அவளுக்கு வேண்டியது தறியில் நிற்கும் நிஜப் பாவு.

முதலாளி வந்ததும் கேட்டாள்.

"தினம் கொஞ்ச நேரம் தறியில உக்காந்து பாவு பிணைக்கட்டுமுங்களா?"

"தறிக் கொட்டகை என்ன ஆசுபத்திரியா? கை சரியாகட்டும், அப்புறம் வா."

"வேலை செஞ்சாத்தானுங்க கை சரியாகும்."

"பாவு பிணைக்க ஜேடர்பாளையத்திலிருந்து வேற ஆள் வருது. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் குடுத்த ஊட்டைக் காலி பண்ணிரு."

கஞ்சிப் பானையைத் தூக்கக் குனிந்த சென்னிமலை, எங்களில் மூத்த நெசவாளி, வெறுங்கையோடு நிமிர்ந்தார்.

"அவளை உக்கார வெச்சாத்தானுங்க கஞ்சி ஊத்துவோம்."

"யுத்த காலத்துல நூல் கெடைக்கறதே பெரும்பாடு. பாவைக் கெடுக்கப் பாக்கறீங்களா?"

"கஞ்சி ஊத்திட்டு நீவாம உட்டாத்தானுங்க கெடும், ஊத்தாத பாவு அப்படியே இருக்கும். கைபட்ட நூலை நாங்க கெடுப்பமுங்களா?"

நாங்கள் புருசுகளைக் கீழே வைத்தோம். என் வீடும் முதலாளிக்குச் சொந்தமான அதே வரிசையில்தான் இருக்கிறது.

"எல்லா ஊட்டையும் காலி பண்ண வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

குஞ்சம்மாள் சாம்பல் கிண்ணத்தோடு பாவண்டை வந்து குந்தினாள். அறுந்து தொங்கிய ஓர் இழையைப் பிடித்தாள். சாம்பல் தொட்டு முறுக்கினாள், நழுவியது. மறுபடியும் நழுவியது. நாங்கள் யாரும் கை கொடுக்கவில்லை, அது அவள் விரல் செய்ய வேண்டிய வேலை. ஒருவழியாக இழை சேர்ந்தது. சென்னிமலை சுண்டிப் பார்த்தார். அறுந்துவிட்டது.

"இன்னொருக்கா போடு சாமி. நாங்க எங்கியும் போகலை" என்றார்.

வெயில் ஏறியது. பானையில் கஞ்சி ஏடு கட்டியது. அவள் சாம்பல் கிண்ணத்தை அருகே இழுத்துக்கொண்டாள். நாங்கள் பாவின் இரு பக்கமும் உட்கார்ந்தோம்.