பழுதில்லாத மூளைப் படம்

மகள் நுஹாவைப் பெண் பார்க்க வந்த அன்று பிளேன்டீ கோப்பை அரூஸின் கையில் கடகடவென்று ஆடி, மாப்பிள்ளையின் வாப்பா சாஹுல் ஹமீது ஹாஜியார் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரத்தில் கொட்டிவிட்டது. மறுநாள் ஹாஜியார் சொல்லி அலவத்துகொட ஊர் முழுக்க அதே பேச்சு: அரூஸ் ஒளித்துக் குடிக்கிறாராம். மது வாடைக்கே மூக்கைப் பொத்துகிற மனிதரை! நுஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள்தான் வாப்பாவைக் கண்டிக்கு இழுத்துப்போய் மூளையை ஸ்கேன் எடுக்க வைத்தாள். படத்தில் நோய் தெரியும், அதைக் காட்டியே ஊர் வாயை அடைக்கலாம் என்று நம்பினாள். படமோ சுத்தமாக வந்தது.

"இந்த நடுக்கத்துக்குப் படம் இப்படித்தான் வரும்," என்று அரூஸிடம் சொன்னார் டாக்டர். "வேற நோய் வருத்தம் இல்லையெண்டு பார்க்கத்தான் எடுத்தது. சிறுமூளையோட சேர்ந்த நரம்புகள்ல தாளம் பிசகுது, அது சாதாரண படத்துல விழாது. நீங்க சொன்ன மாதிரி உங்கட வாப்பாவுக்கும் கை நடுங்கினதெண்டா பரம்பரையாத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கும் வரலாம்."

வெளியே வந்ததும் அரூஸ் சொன்னார்: "பரம்பரை எண்ட கதய யாருக்கும் சொல்ல வாணாம் மகள்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஹாஜியார் தம்பியோடு வந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டாக்டரும் ஒண்டுமில்லண்டுதானே எழுதீக்கிறார். அப்ப என்னத்தால நடுங்குது அரூஸ் நானா?"

"ரெண்டு போட்டா நிக்கும் போல," என்று தம்பி சிரித்தார்.

அரூஸ் தலை குனிந்தார். "விட்டுடுறேன் ஹாஜியார். இனிக் குடிக்க மாட்டேன்."

கதவுக்குப் பின்னால் நின்ற நுஹா திரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பொய்! வாப்பா ஒரு சொட்டும் குடிச்சதில்ல. இது வாப்பாட வாப்பா, மூத்தவாப்பாக்கும் இருந்த நடுக்கம். நாளைக்கு எனக்கும் வரலாம். அத மறைக்கத்தான் இந்தப் பொய்!"

"உள்ளுக்குப் போ மகள்!" அரூஸின் குரலும் நடுங்கியது.

"எனக்கொரு மாப்பிள்ள எடுக்க நீங்க குடிகாரனாகிறதா? வாணாம் வாப்பா."

ஹாஜியார் படத்தைப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தார். "கை நடுங்குற பரம்பரையில எண்ட மகனுக்கு எடுக்க ஏலா."

"எடுக்க வாணாம்." அவள் முந்திப்போய் வாசலில் நின்றாள். தொழுகை முடிந்த கூட்டம் தெரு நிறைய நடந்துகொண்டிருந்தது. "குடிகாரன் எண்டு ஊருக்குச் சொன்ன வாய்தானே. இல்லண்டும் சொல்லிட்டுப் போங்க."

ஹாஜியார் தெருவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். இரண்டொருவர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"அரூஸ் நானா குடிக்கிறல்ல," என்று முணுமுணுத்தார்.

"கேக்கல்ல ஹாஜியார். சத்தமா."