ஏழாம் குழாய்

வீல் என்று எந்திரம் அலறியதில் அக்காவின் கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. பரிசோதனைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். நிமிர்ந்து பார்த்தாள். திரையில் ஏழாம் குழாய் சிவப்பாக மின்னியது.

அன்று ஓட்டியது நோயாளிகளின் ரத்தம் இல்லை. நல்ல ஆரோக்கியமான உடம்பில் எது எந்த அளவு இருக்கும் என்று புது எந்திரத்துக்குக் காட்ட, ஊழியர்களும் அவர்கள் வீட்டாருமாகப் பத்துப் பேர் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்த ரத்தம். ஏழாவது அவள் கணவனுடையது. உணவகச் சமையலறையில் மாஸ்டர். எடை நூறைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் சர்க்கரை இம்மியும் பிசகியதில்லை. அந்தத் தைரியத்தில் அவள்தான் அவனைப் பட்டியலில் சேர்த்திருந்தாள்.

"வந்த வாரமே கோளாறா?" என்று எந்திரத்தைத் திட்டியபடி, அளவு தெரிந்த கரைசல் ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். கன கச்சிதமாக வந்தது. ஏழாம் குழாயை மறுபடி வைத்தாள். மறுபடியும் அலறல். லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களும் எல்லையைத் தாண்டி நின்றன.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்துவிட்டார்.

"ஏழு யாரு அக்கா?"

"எங்க வீட்டுக்காரர், டாக்டர். சர்க்கரை எண்பத்தெட்டுதான். நானே பாத்தேன்."

"இன்சுலின் பாத்தீங்களா?"

பார்த்தாள். இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு.

"சர்க்கரை ஏறலைன்னு சந்தோஷப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "அவர் உடம்பு இன்சுலின் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அதனால கணையம் மேல மேல சுரந்து சமாளிக்குது. தேவைக்கு மேல சாப்பிட்டு எடை ஏறிட்டா, இந்த மூணையும் உடம்பு சரியா எரிக்காது. ரத்தத்துலயே தேங்கிடும். கணையம் களைச்சுப் போற அன்னிக்குத்தான் சர்க்கரை ஏறும். அதுக்குள்ள முழிச்சுக்கணும். வீட்டுல என்ன சாப்பிடறார்?"

"ஒரு வருஷமா அளந்துதான் போடறேன். அரை வயித்துக்கு."

"அப்ப மீதி எங்கேயோ ரொம்புது, அக்கா."

சர்க்கரை நோயில் பார்வை போன மாமனார், கடைசி இரண்டு வருடம் சுவரைத் தடவித் தடவி நடந்தது அவள் கண்முன் வந்தது.

மதியம் மூன்றரைக்கு அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது, மேஜையில் இரண்டு தட்டுகளோடு பரிசோதனை முடிவுக் காகிதமும் இருந்தது.

"என்னது, கோர்ட்டு சம்மனா?"

"உங்க ரத்தம். வேலை முடிஞ்சதும் அங்கேயே சாப்பிட்டுட்டு வர்றீங்க, இல்ல?"

"லேப்ல வேலை பாக்கிறவளைக் கட்டினா இதான் வம்பு. ஊர்ல மனுஷங்க கோள் சொல்லுவாங்க. எனக்கு என் ரத்தமே சொல்லுது."

அவள் சிரிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். "உங்கப்பாவைக் கையைப் புடிச்சு நடத்தினேன். உங்களையும் அப்படி நடத்த எனக்குத் தெம்பில்லைங்க."

அவன் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தான். முகத்தில் விளையாட்டு போயிருந்தது.

"மூணு மணிக்கு அங்க ஒரு தட்டு. நிறையவே."

"அதுக்கப்புறம் இங்க ஒண்ணு! எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து."

"அட பாவி மனுஷா! அங்க வேணாம்னு எழுந்திருக்கலாம். இல்ல, என்கிட்ட சாப்பிட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் எங்க போச்சு?"

அவன் அவளுடைய தட்டைப் பார்த்தான். காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனவள் இன்னும் அதில் கை வைக்கவில்லை.

"அங்க மாஸ்டர் உக்காந்தாத்தான் மத்தவங்க சாப்பிடுவாங்க" என்றான். "இங்க நான் உக்காந்தாத்தானே நீ சாப்பிடுவே?"